இரண்டாம் நிலைப் பயனாளி

வேனிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் வந்த இருவரும் ஒரு கள்ள ஒலிபரப்பியைத் தேடி வந்தவர்கள். ஒருவர் கையில் மீன் முள் போன்ற ஆன்டெனா இருந்தது. இன்னொருவர் கையில் அது காட்டும் கோடுகளைப் பார்க்க ஒரு திரை. வேடசந்தூர் பக்கத்தில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கபடி மைதானத்தில் அப்படி என்ன இருக்கும் என்று அவர்களுக்கே குழப்பம்தான்.

நாகஜோதி அப்போது பிளஸ் ஒன் பெண்களுக்கு ரெய்டு போய்க் காட்டிக்கொண்டிருந்தாள். நடுக்கோட்டைத் தாண்டி, வலது காலை நீட்டி, எதிராளி பாய்வதற்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவரும் வித்தை அது. அவள் இடப்பக்கம் ஓடினால் ஆன்டெனா இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் ஓடினால் அதுவும் வலப்பக்கம் வந்தது. பிள்ளைகள்தான் முதலில் கவனித்துச் சிரித்தார்கள்.

அவள் கபடிப் பாட்டை நிறுத்திவிட்டு அவர்களிடம் வந்தாள். மூத்தவர் தன் பெயர் எட்வின் என்றும், அலைவரிசை ஒழுங்கு வாரியத்தின் கண்காணிப்புப் பிரிவு என்றும் அடையாள அட்டையைக் காட்டினார்.

"மேடம், உங்ககிட்ட வாக்கி டாக்கி மாதிரி ஏதாவது இருக்கா?"

"விசில் இருக்கு சார். வேற ஒண்ணும் இல்ல."

அந்த மரம் வரை நடந்துவிட்டு வர முடியுமா என்று கேட்டார். நடந்தாள். திரையில் கோடுகள் எகிறின. பெஞ்சில் உட்காரச் சொன்னார். கோடுகள் படுத்துக்கொண்டன. எட்வின் திரையைப் பார்த்தார், அவளுடைய டிராக் சூட்டுக்கு அடியில் லேசாகப் புடைத்திருந்த இடுப்புப் பெட்டியைப் பார்த்தார், பிறகு வேறு எங்கேயோ பார்த்தார்.

"பாலம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மண்டலப் போட்டியிலிருந்து திரும்பும்போது வேன் கவிழ்ந்து நாகஜோதியின் முதுகெலும்பு முறிந்தது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஆனது. நூல் மில்லில் ஷிப்டு பார்க்கும் கணவன் முத்துராமன் அவளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, படுக்க வைத்து, பிறகு வேலைக்கு ஓடினான். அப்படியே இரண்டு வருடம் போனது. அதன் பிறகுதான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்புப் பாலம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மண்டை ஓட்டுக்கு அடியில் ஒரு சில்லு. நடக்க வேண்டும் என்று அவள் நினைப்பதை அது பிடித்து இடுப்புப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் பலப்படுத்தி, முறிந்த இடத்தைத் தாண்டி, தொடைக்குள் பதித்திருக்கும் ஊசிமுனைகளுக்குக் கொடுக்கும். அவை நரம்பைத் தட்டும், கால் நகரும். முதலில் கம்பி போட்டுத்தான் பார்த்தார்களாம். ஓடி ஆடினால் கம்பி அறுந்து போயிற்று. அதனால் எல்லாமே ரேடியோ அலை வழியாக.

எட்வின் பொறுமையாகவே விளக்கினார். ஒரே அறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் எதுவும் விளங்காது. அதனால் அலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, யார் எதில் பேசலாம் என்று அரசாங்கம் உரிமம் கொடுக்கிறது. பெரிய துண்டுகளை ஏலம் விடுகிறது. ஒரு சின்னத் துண்டை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் பொதுவில் விட்டிருந்தது. பொம்மைக் கார், கேட் திறக்கிற ரிமோட், ஆஸ்பத்திரிக் கருவி எல்லாம் அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தன. பாலமும் அதில்தான்.

"புறம்போக்கு மாதிரியா?" என்றாள் நாகஜோதி.

"அப்படித்தான் வச்சுக்கோங்க. அதையும் போன வருஷம் ஏலம் விட்டாச்சு மேடம்."

அவர் கை காட்டிய பக்கம், மைதானத்துச் சுவருக்கு அந்தப் புறம், நாலு வழிச் சாலை. அதில் ஆள் இல்லாத லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். முன்னால் போகிற லாரி பிரேக் பிடித்தால் அந்தக் கணமே பின்னால் வரும் அத்தனையும் பிடிக்கும். அதற்காக அவை ஓயாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சுக்காகத்தான் லாரிக் கம்பெனி அந்தத் துண்டை ஏலத்தில் எடுத்தது. அந்நியக் குரல் ஏதாவது குறுக்கே கேட்டால் ஆபத்தென்று நினைத்து மொத்த வரிசையும் நின்றுவிடும். இந்த இடத்தில் காலையிலும் சாயங்காலமும் லாரிகள் காரணமில்லாமல் நிற்கின்றன என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. காலையிலும் சாயங்காலமும்தான் கபடிப் பயிற்சி.

"அப்ப நான் நடக்கக் கூடாதா சார்?"

"நடக்கலாம் மேடம். ஒலிபரப்பத்தான் கூடாது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குனிந்து நோட்டீஸை எழுதத் தொடங்கினார். உரிமம் இல்லாத ஒலிபரப்பி ஒன்று. இருக்குமிடம் என்ற இடத்தில், நகரும் தன்மையது என்று எழுதினார்.

*

மாதம் முடிவதற்குள் வாரியத்திலிருந்து ஆணை வந்தது. பாலம் வைத்த யாருடைய நடையையும் அரசு பறிக்கவில்லை, அவர்கள் இனி அந்த அலைவரிசையில் இரண்டாம் நிலைப் பயனாளிகள், அவ்வளவுதான் என்றது அது. இரண்டாம் நிலைப் பயனாளி உரிமதாரருக்கு இடையூறு செய்யக் கூடாது. உரிமதாரரால் தனக்கு இடையூறு வந்தால் முறையிடவும் கூடாது. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெட்டியில் ஒரு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் காத்திருப்பு முறை என்று பெயர். பேசுவதற்கு முன்னால் பெட்டி ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கும். லாரிகள் பேசிக்கொண்டிருந்தால் முடியும் வரை காத்திருக்கும். பிறகு கால் நகரும்.

நாகஜோதி போகவில்லை. மாவட்டப் போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். முடிந்த பிறகும் அவளுக்கு மனசு வரவில்லை. சிக்கந்தர் பாய் போனார்.

மதுரையில் பாலம் வைத்த நாட்களில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்கள் அவர்கள். மாடியிலிருந்து விழுந்து முதுகு போன தையற்காரர் அவர். ஊர்ச்சாலை பிரிகிற சின்னக்கரடு பிரிவில், நாலு வழிச் சாலையை ஒட்டி அவருடைய கடை. கடைக்கு மேலேயே வீடு. பள்ளிக்கூடத்துக் கபடி ஜெர்சியெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுப்பார். ஆணை வந்த வாரமே பஸ் ஏறிப் போய்ப் பெட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். அரசாங்கம் சொன்னால் செய்துவிட வேண்டியதுதான் என்பது அவர் குணம். மாற்றாதவர்களுக்கு இனி பேட்டரி கிடையாது என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்று அவள் ஒருநாள் கடைக்குப் போய்க் கேட்டாள்.

"லாரி போறப்ப காலு பேச்சு கேக்க மாட்டேங்குது டீச்சர்," என்று பாய் சிரித்தார். "நான் நடங்குறேன். அது, இருங்க பாய், பெரிய மனுசங்க பேசிக்கிட்டிருக்காங்கங்குது."

அவர் மனைவி ஜெய்த்தூன் சிரிக்கவில்லை. நேற்று மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார், கைப்பிடியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். சாலைப் பக்கம் குடியிருக்கிறோம், லாரி ஓயாத நேரம் ஏது, இவர் எப்போதுதான் நடப்பது என்றாள். பாய் அவளைச் சமாதானப்படுத்தினார். பழகிவிடும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்குப் போவதற்காகச் சிக்கந்தர் பாய் சாலையைக் கடந்தார். பட்டப்பகல். தூரத்தில் லாரி வரிசை தெரிந்தது, ஆனால் கடப்பதற்கு நேரம் தாராளமாக இருந்தது. முக்கால் சாலையைத் தாண்டிவிட்டார். முன் லாரியின் கண் அவரைப் பார்த்தது, பின்னால் வரும் லாரிகளுக்குச் சொன்னது, எல்லாம் பிரேக் பிடிப்பதற்காக ஒன்றோடொன்று வழக்கத்தைவிட மும்முரமாகப் பேசத் தொடங்கின. நூல் கண்டு ஏற்றிய பாரம், நினைத்த இடத்தில் நிற்காது. சாலையில் நின்றவர்கள் எல்லாரும் போ, போ என்று கத்தினார்கள். ஜெய்த்தூன் கடை வாசலிலிருந்து பார்த்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தாராம். பார்த்துக்கொண்டே நின்றாராம்.

போலீஸ் விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. லாரிகளில் எந்தக் கோளாறும் இல்லை, விதிப்படி உடனே பிரேக் பிடித்திருக்கின்றன, பாதசாரி சாலையின் நடுவில் காரணமின்றி நின்றுவிட்டார் என்று அறிக்கை. காரணமின்றி என்ற அந்த ஒரு வார்த்தையை நாகஜோதி எத்தனை தடவை படித்தாளோ தெரியாது.

அறிக்கைக்குப் பிறகு எட்வின் சம்பவ இடத்துக்கு மறுபடி அளவெடுக்க வந்தார். அவள் நேரே அவரிடம் போனாள்.

"சார், அந்த மனுசன் ஏன் நின்னார்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் ஆன்டெனாவை மடக்கிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"ஏன் எழுதல?"

"எழுதினேன் மேடம். லாரி கிட்ட வர வரப் பேச்சு ஜாஸ்தியாகும், பேச்சு ஜாஸ்தியாக ஆகக் காலு நிக்கும்னு எழுதித்தான் குடுத்தேன். எந்தக் கருவியும் விதியை மீறல, அதனால இது நம்ம வாரியம் பார்க்க வேண்டிய விஷயமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

*

மதுரையில் வாரியம் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று வைத்தது. குளிரூட்டிய மண்டபம். பாலம் வைத்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். வாசலில் நின்ற கம்பெனிக் கார்களும் அதே அலையில் பேசிக்கொண்டிருந்ததால் பாதிப் பேர் படியேற முடியாமல் நின்றார்கள். உறவினர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். மேடையிலிருந்த வாரியத் தலைவர் அதைப் பார்த்து வருந்துவதாகச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அலைவரிசை தேசத்தின் சொத்து, அதை விற்ற பணத்தில்தான் கிராமத்து ஆஸ்பத்திரிகள் நடக்கின்றன, அதனால் யாரும் உணர்ச்சிவசப்படாமல் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் புள்ளிவிவரம் படித்தார். ஓட்டுநர் இல்லாத லாரிகள் வந்த பிறகு இந்தச் சாலையில் விபத்து பாதியாகக் குறைந்திருக்கிறது. அது உண்மைதான்.

நாகஜோதியின் முறை வந்தது. எழுதிக் கொண்டுவந்திருந்ததை அவள் படிக்கவில்லை.

"சார், நான் பி.டி. டீச்சர். ஒண்ணு மட்டும் கேக்குறேன். என் காலு இரண்டாம் நிலைன்னா முதல் நிலை எது?"

"உரிமதாரர்மா," என்றார் தலைவர். "முறையா ஏலத்துல எடுத்து, கட்டணம் கட்டினவங்க."

"நாங்க ஏலத்துக்கு வரணும்னு யாரும் சொல்லலையே."

"பத்திரிகையில விளம்பரம் குடுத்திருந்தோம்."

"அப்ப நான் கட்டில்ல கிடந்தேன் சார். சிக்கந்தர் பாயும் பக்கத்துக் கட்டில்ல கிடந்தாரு. நாங்க அந்த நேரத்துல கால் கட்டை விரல ஆட்டிப் பார்த்துக்கிட்டிருந்தோம். அது ஆடுனப்ப ரெண்டு பேரும் அழுதோம். அந்த விரலைத்தான் நீங்க வித்திருக்கீங்க. எங்க உடம்புக்குள்ள தலையிலருந்து தொடைக்குப் போற வழி சார் அது. அதை எப்படி சார் வேற ஒருத்தருக்கு விக்க முடியும்?"

தலைவர் பதில் சொன்னார். சட்டத்தின் பார்வையில் உடம்புக்கு உள்ளே, வெளியே என்ற பாகுபாடு அலைக்குக் கிடையாது, காற்றில் கலந்துவிட்டால் அது ஒலிபரப்புதான் என்றார். அவளுடைய கருத்து பதிவு செய்யப்பட்டது என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெய்த்தூன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் வந்து இறங்கும்போது நாகஜோதி, "அக்கா, என் பெட்டிய நான் இன்னும் மாத்தல" என்றாள். ஜெய்த்தூன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

திங்கட்கிழமை முற்பகல் இருவரும் பள்ளிக்கூட வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். நாலு வழிச் சாலையில் அல்ல, அதை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில். அங்கே நடக்க யாருக்கும் தடையில்லை. கோஷமில்லை, பதாகையில்லை. ஜெய்த்தூன் குடை பிடித்திருந்தாள். நாகஜோதி வேண்டுமென்றே காலை நன்றாகத் தூக்கி வைத்து, அவ்வப்போது ரெய்டுக்குப் போகிறவள் மாதிரி எட்டிப் பாய்ந்து நடந்தாள். எவ்வளவு வேகமாகக் கால் அசைகிறதோ அவ்வளவு உரக்கப் பெட்டி பேசும் என்று எட்வின்தான் அன்று மைதானத்தில் சொல்லியிருந்தார்.

முதல் வரிசை லாரிகள் அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் குலுங்கி நின்றன. அவள் நடந்து கடந்தாள். பின்னாலிருந்து அடுத்த வரிசை வந்து நின்றது. எதிர்ப்பக்கமும் நின்றது. சின்னக்கரடு பிரிவு வருவதற்குள், கண்ணுக்கெட்டிய தூரம் இரண்டு பக்கமும் லாரிகள், ஒன்றில்கூட ஆள் இல்லை, எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்த்து அவளுக்கு வெற்றி தோன்றவில்லை. இவ்வளவு பெரிய லாரிகளை நிறுத்துகிற குரல் அன்று பாயிடம் இருந்ததே, அதை வாயைப் பொத்தித்தானே கொன்றார்கள் என்றுதான் தோன்றியது.

போலீஸ் வந்தது. பெண் இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கூடவே நடந்தாள். சர்வீஸ் ரோட்டில் நடக்கிற இரண்டு பெண்களை எந்தப் பிரிவில் கைது செய்வது என்று போனில் யார் யாரிடமோ கேட்டாள். கடைசியில் கண்காணிப்பு வேன் வந்தது. எட்வின் இறங்கினார். கையில் ஆணை. உரிமம் இல்லாத ஒலிபரப்பியைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

ஒலிபரப்பி அவள் இடுப்பில் இருந்தது.

கூட்டம் கூடிவிட்டிருந்தது. எட்வின் மிகவும் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். "மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க. வேன்ல நாற்காலி இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"எதுக்கு சார்?"

"நிக்கிறப்ப கழட்டுனா விழுந்துருவீங்க."

"விழுவேன்னு தெரியுதுல்ல," என்றாள் நாகஜோதி. "அப்ப நின்னுக்கிட்டுதான் குடுப்பேன். உங்க கையாலயே எடுங்க."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எடுக்காமல் போய்விடுவார் என்று நாகஜோதி ஒரு கணம் நம்பினாள். அவர் எடுத்தார். கொக்கி விடுபட்ட சத்தம் கேட்டது, இடுப்புக்குக் கீழே எல்லாம் மொத்தமாக அணைந்து போனது. ஜெய்த்தூன் குடையைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கப் பார்த்தாள். இருவரும் சேர்ந்தே தார்ச் சாலையில் விழுந்தார்கள். விழுந்த அதே நேரத்தில் லாரிகள் அத்தனையும் உயிர் வந்து நகரத் தொடங்கின. அவள் முகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சக்கரங்கள் உருள்வதை யாரோ படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எல்லார் போனிலும் இருந்தது.

*

அந்தப் படத்துக்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் கேட்டார்கள், நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். மூன்று மாதத்தில் புதுக் கொள்கை வந்தது. மனிதாபிமான அலைவரிசை உரிமம் என்று அதற்குப் பெயர். பாலம் வைத்த ஒவ்வொருவருக்கும் பத்து வருடத்துக்கு இலவச உரிமம். உரிமம் பெற்றவர் தான் பதிவு செய்யும் ஒரு முகவரியைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு முதல் நிலைப் பயனாளி. அந்த வட்டத்துக்குள் லாரிகள் வாயைத் திறக்கக் கூடாது. தனித்தனியாக, ஆள் நடக்கிற வேகத்தில்தான் கடந்து போக வேண்டும். வட்டத்துக்கு வெளியே பழையபடி இரண்டாம் நிலைதான், காத்திருப்பு முறைதான்.

ஒரு முகவரி மட்டும்தான். நாகஜோதியும் முத்துராமனும் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். வீடா, மைதானமா? அவள் மைதானத்தின் முகவரியைக் கொடுத்தாள். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொள்ளலாம் என்றான் முத்துராமன், அவளைத் தேற்றுவதற்காக. சொல்லிவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது காத்திருப்பு முறையைப் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள்.

திண்டுக்கல்லில் உரிமம் வழங்கும் விழா. மந்திரி வந்திருந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சால்வை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட உரிமத்தைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். நாட்டிலேயே முதல்முறையாக நடக்கும் உரிமையை அரசு வழங்குகிறது என்று மந்திரி பேசினார். கை தட்டினார்கள். தன் பிறவியோடு வந்ததை இவர் எப்போது எடுத்து வைத்திருந்தார், இப்போது வழங்குவதற்கு என்று நாகஜோதிக்கு வாய் வரை வந்தது. அவள் முறை முடிந்து, சால்வையோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைக் கேட்டாள்.

"சின்னக்கரடு பிரிவு, சிக்கந்தர்."

யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். துணைக்காக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெய்த்தூன் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனாள். மந்திரி விவரம் தெரியாமல் சிரித்த முகத்தோடு சட்டத்தை நீட்டினார். அவள் வாங்கினாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"நடக்கலாம்னு போட்டிருக்கா ஐயா?"

"ஆமாம்மா. பத்து வருஷத்துக்கு."

"மண்ணுல வச்சு ஏழு மாசமாச்சு," என்றாள் ஜெய்த்தூன். "சொல்லிடறேன்."

சட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நாதஸ்வர ஒலிப்பதிவை யாரோ அவசரமாகப் போட்டார்கள்.

மறு வாரமே வாரியத்திலிருந்து ஒரு எழுத்தரும் கம்பெனியிலிருந்து ஒருவரும் தையல் கடைக்கு வந்தார்கள். தவறு நடந்துவிட்டது, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். நாகஜோதி அப்போது அங்கே இருந்தாள். ஜெய்த்தூன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. எட்வினுக்குப் போன் செய்தாள். அன்றைக்குப் பிறகு அவரோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

அவர் நிதானமாகச் சொன்னார். உரிமம் சட்டப்படி சொத்து. உரிமதாரர் இறந்துவிட்டால் மீதி வருடங்கள் வாரிசுக்குச் சேரும். அந்த விதியை ஏலத்தின்போது கேட்டு வாங்கியதே கம்பெனிதான், ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினால் அலைவரிசையும் கூடவே போக வேண்டும் என்பதற்காக. உயிருள்ள மனிதனுக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டம் என்று தனியாக எழுத மறந்துவிட்டார்கள்.

"இறந்தவருக்கு உரிமம் குடுத்ததே செல்லாதும்பாங்களே சார்."

"விண்ணப்பம் வாங்கினப்ப உயிரோட இருக்காரான்னு கேக்கிற கட்டம் அதுல இல்ல மேடம். கோர்ட்டுக்குப் போனா பல வருஷம் ஆகும்."

"விண்ணப்பம் யார் போட்டா?"

"நம்ம மாவட்டத்துப் பெயரெல்லாம் நான்தான் எடுத்து அனுப்புனேன்," என்றார் எட்வின். அவ்வளவுதான் சொன்னார். அவள் நன்றி சொல்லவில்லை. தார்ச் சாலையின் சூடு இன்னும் அவள் கன்னத்தில் இருந்தது. போனை வைத்துவிட்டு வந்து, கொடுக்க வேண்டியதில்லை என்று ஜெய்த்தூனிடம் மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து சின்னக்கரடு பிரிவில் லாரிகள் பேசுவதில்லை. தூரத்திலேயே வரிசை பிரிந்துவிடும். ஒவ்வொன்றாக, நடைவேகத்தில், ஊமையாக ஊர்ந்து வரும். யார் குறுக்கே வந்தாலும் நின்று, போன பிறகு நகரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மில் வேலைக்குப் போகிற பெண்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் கையைக்கூடக் காட்டாமல் கடந்தார்கள். கடக்கிற பலருக்கு அது யாருடைய உரிமம் என்று தெரியாது.

ஜெர்சித் துணியோடு ஒருநாள் நாகஜோதி போனபோது அவளுக்கும் அந்த வட்டத்துக்குள் கால் தடையில்லாமல் ஓடியது. ஜெய்த்தூன் பாயின் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்து போனதாகச் சொன்னாள். பாய் பேரில் இருக்கிற அலைவரிசையைக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம், அவள் சொல்கிற தொகைக்கு.

"என்ன சொன்னீங்கக்கா?"

ஜெய்த்தூன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வாசலுக்கு எதிரே, நின்ற லாரிக்கு முன்னால், யாரோ ஒரு குடும்பம் சாவகாசமாகப் பேசிக்கொண்டே சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"சனங்க எல்லாம் கடந்து முடிக்கட்டும், அப்புறம் வாங்கன்னு சொல்லிட்டேன்," என்றாள்.